முதலில் கிரகம், அப்புறம் படை: அறிவியல் புனைவு மினியேச்சர்களுக்கும் டெரெய்னுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மேஜைமேல் ஆடும் வரலாற்றுப் போர் விளையாட்டுக்கு மினியேச்சர் (சின்ன வீரர் உருவங்கள்) தீட்டுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1815-ல் வாட்டர்லூவில் நின்ற பிரிட்டிஷ் காலாட்படை வீரனின் கோட்டு சிவப்பு, அவன் காலடியில் கிடந்தது மழையில் ஊறிய சேறு. இரண்டையும் யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அறிவியல் புனைவுக்கு வந்தால் அப்படிப்பட்ட விடை எதுவும் கையில் இருக்காது. கவசம் எந்த நிறமாகவும் இருக்கலாம், வானம் பச்சையாக இருக்கலாம், தரை முழுக்க பனிக்கட்டியாக இருக்கலாம். இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் பலரும் இந்தப் பக்கம் வருகிறோம், ஆனால் பலருடைய மேஜை ஒன்றோடொன்று ஒட்டாமல் தெரிவதற்கும் இதுவே காரணம்: வீரர்கள் ஓர் உலகம், டெரெய்ன் என்று சொல்லும் கட்டடங்களும் பாறைகளும் இன்னோர் உலகம், தரைவிரிப்பு மூன்றாவது உலகம். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே அழகு, சேர்த்து வைத்தால் கண் எதிலும் நிற்காது.

அதனால் நான் சொல்லும் வரிசை வழக்கமானதுக்கு நேர் எதிராகப் போகும். முதலில் கிரகத்தை முடிவு செய்யுங்கள். அப்புறம்தான் விளையாட்டு, படை, பெயிண்ட் எல்லாம்.

கிரகத்தை எப்படி முடிவு செய்வது

ஒரு தாளில் நாலே நாலு விஷயம் எழுதினால் போதும். தரை என்ன நிறம்? காற்று இருக்கிறதா? தண்ணீர் இருக்கிறதா? வெளிச்சம் எங்கிருந்து, எந்த நிறத்தில் வருகிறது? இந்தப் பதில்கள்தான் பின்னால் துரு வைக்கலாமா, தூசு வைக்கலாமா, நிழல் எவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு படியிலும் உங்களுக்காக முடிவெடுக்கும்.

கற்பனை ஓடவில்லை என்றால் நம் சூரியக் குடும்பத்தையே பாருங்கள், தேவைக்கு மேல் கிடைக்கும். செவ்வாயின் செம்பழுப்பு இரும்பு ஆக்சைடு தூசால் வருவது. அங்கே பகல் வானம் மங்கலான மஞ்சள் பழுப்பு, சூரியன் மறையும் இடத்தைச் சுற்றி மட்டும் நீலம் படரும், அங்கே இறங்கிய ஊர்திகள் அதைப் படமெடுத்தே அனுப்பியிருக்கின்றன. வியாழனின் துணைக்கோளான அயோ முழுக்க கந்தகம் படிந்த மஞ்சள், ஓயாத எரிமலைகள். யூரோப்பாவோ வெள்ளைப் பனிக்கட்டி, அதன்மேல் செம்பழுப்புக் கோடுகள். சனியின் டைட்டனில் அடர்ந்த ஆரஞ்சு மூட்டமும் திரவ மீத்தேன் ஏரிகளும் உண்டு. நிலாவில் காற்று கிடையாது, அதனால் நிழல் கூர்மையான கறுப்பாக விழும். 1972-ல் அப்போலோ 17-ல் போனவர்களின் வெள்ளை உடை சாம்பல் நிறமாகிப் போன படங்களைத் தேடிப் பாருங்கள். அந்தத் தூசு அப்படி ஒட்டிக்கொள்ளும். நிலா மேஜைக்கு முழங்கால் வரை சாம்பல் தூசு ஏற்ற வேண்டும் என்பது அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும்.

அதேபோல, துரு பிடிக்க ஆக்ஸிஜனும் ஈரமும் வேண்டும். காற்றில்லாத சிறுகோள் ஒன்றில் சுரங்கம் அமைத்திருக்கிறீர்கள் என்றால் அங்கே உள்ள இயந்திரத்தில் ஆரஞ்சுத் துரு வழியக் கூடாது, அதற்குப் பதில் பெயிண்ட் உரிந்த பளபளப்பான உலோகக் கீறல்கள்தான் பொருத்தம். யாரும் வந்து தேர்வு வைக்கப் போவதில்லை, ஆனால் இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு அதைக் கடைசி வரை காப்பாற்றும் மேஜைக்குத் தனி நம்பகத்தன்மை வந்துவிடுகிறது.

இந்தக் கட்டுரை முழுக்க உதாரணத்துக்கு ஒரு செவ்வாய் மாதிரியான கிரகத்தை எடுத்துக்கொள்கிறேன்: செம்பழுப்புத் தரை, மெல்லிய காற்று, எங்கும் தூசு. தரை இப்படி என்றவுடனே படையின் நிறம் பாதி முடிவாகிவிட்டது. சிவப்புக் கவசம் அந்தத் தரையில் கரைந்து காணாமல் போகும். வெளிர் நீலப்பச்சையோ எலும்பு வெள்ளையோ வைத்தால் மூன்றடி தூரத்தில் நின்றாலும் ஒவ்வொரு வீரனும் தனியாகத் தெரிவான். மினியேச்சரைக் கையில் பிடித்துத் தீட்டுகிறோம், ஆனால் பெரும்பாலும் அந்த மூன்றடி தூரத்தில் இருந்துதான் பார்க்கிறோம். ஒரு முதன்மை நிறம், ஒரு துணை நிறம், கண்ணை ஈர்க்க அங்கங்கே மட்டும் வைக்கும் ஒரு சின்னத் திருப்பு நிறம். நான்காவது வேண்டும் என்று கை துடிக்கும், விடாதீர்கள்.

விளையாட்டும் அளவும்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கூட விளையாட யார் இருக்கிறார்கள் என்பதுதான் இதில் பாதியைத் தீர்மானிக்கும். 1987-ல் தொடங்கிய வார்ஹேமர் 40,000 தான் இந்தப் பக்கத்தில் மிகப் பெரிய பெயர். ஒவ்வொரு பிரிவுக்கும் உள்ள மதிப்பைக் கூட்டி 2000 புள்ளி வரும் முழுப் படை என்றால் 60-க்கு 44 அங்குல மேஜை வேண்டும், தீட்ட வேண்டிய உருவங்களும் நிறைய. அதே உலகத்தில் கில் டீம் என்றால் பத்துப் பேர் அளவிலான ஒரு குழு, 30-க்கு 22 அங்குலப் பலகை, வேலை முடிந்தது. ஸ்பெயின் நிறுவனமான கோர்வஸ் பெல்லியின் இன்ஃபினிட்டி நாலடிச் சதுர மேஜையில் விளையாடுவது, உருவங்கள் குறைவு, ஆனால் டெரெய்ன் அடர்த்தியாக வேண்டும். இயந்திர மனிதர்கள் பிடிக்கும் என்றால் 1984-ல் இருந்து ஓடிக்கொண்டிருக்கும் பேட்டில்டெக். மெக் எனும் அந்த இயந்திரங்கள் நாலு சேர்ந்தது ஒரு லான்ஸ், அதை வைத்தே ஆட ஆரம்பித்துவிடலாம். எந்த நிறுவனத்தின் உருவமும் சரி என்று சொல்லும் விளையாட்டு வேண்டுமானால் 2021-ல் வந்த ஸ்டார்கிரேவ் நல்ல இடம். ஒரு கேப்டன், ஒரு துணைத் தலைவர், எட்டு வீரர்கள், அவ்வளவுதான் குழு.

அளவு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். 28 மி.மீ. என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பாதத்தில் இருந்து கண் வரை உள்ள உயரம், ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் இதைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. 'ஹீரோயிக்' வகை உருவங்களில் தலையும் கையும் துப்பாக்கியும் வேண்டுமென்றே பெரிதாக இருக்கும், நிஜ விகிதத்தில் செய்த உருவத்தின் பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும். பேட்டில்டெக் 6 மி.மீ. வகை, தோராயமாக 1/285. அதற்கு வாங்கிய ஒரு தள வீடு 28 மி.மீ. வீரனின் இடுப்பைக்கூடத் தாண்டாது. 28 மி.மீ. உருவங்களோடு வைக்க வண்டியோ பொம்மைக் காரோ தேடினால் 1/43-ல் இருந்து 1/56 வரை கண்ணுக்கு ஒத்துப்போகும், 1/64 சின்னதாகிவிடும்.

வாங்கும்போது

என் உறுதியான கருத்து இது: முதல் தடவை ஒரு பெரிய படையை வாங்காதீர்கள், இரண்டு சின்னக் குழுக்களை வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று எதிராளிக்கு. கூடவே டெரெய்னுக்கான பொருளையும் அதே நாளில் வாங்கி வைத்துவிடுங்கள். வருகிறவர் வெறுங்கையோடு வந்தால்கூட உங்கள் வீட்டிலேயே ஒரு முழு ஆட்டம் நடக்கும், அந்த முதல் முழு ஆட்டம்தான் அடுத்த பெட்டியைத் திறக்க வைக்கும் உற்சாகம். தீட்டாத பெட்டிகள் அலமாரியில் ஏறிக்கொண்டே போனால் பொழுதுபோக்கு கடன் சுமை மாதிரி ஆகிவிடும்.

பிறர் பயன்படுத்திய பழைய உருவங்களை வாங்குவது நல்ல வழிதான். மேலே எவ்வளவு மோசமாகப் பெயிண்ட் அப்பியிருந்தாலும் கவலை இல்லை, அதைக் கழற்றிவிடலாம். பாலிஸ்டைரின் பிளாஸ்டிக் உருவங்களைச் சில மணி நேரம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் அக்ரிலிக் பெயிண்ட் பெரும்பாலும் வந்துவிடும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். அசிட்டோன் மட்டும் கூடவே கூடாது, பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். ரெசின் உருவமாக இருந்தால் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். வாங்குவதற்கு முன் படத்தில் பார்க்க வேண்டியது பெயிண்டை அல்ல, மூட்டுகளை. பிளாஸ்டிக் சிமென்ட் போட்டு ஒட்டியதைப் பிரிக்க முடியாது, ஏனென்றால் அது இரண்டு துண்டுகளையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டது. சூப்பர் க்ளூ போட்டதைப் பொறுமையாகப் பிரித்துவிடலாம்.

3டி பிரிண்டர் இருக்கிறவர்களுக்கு: வீரர்களுக்கு ரெசின் பிரிண்டர், கட்டடங்களுக்கு இழை உருக்கி அச்சிடும் சாதாரண பிரிண்டர். கடினப்படாத திரவ ரெசின் தோலில் படக் கூடாது, நைட்ரைல் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

வெட்டி ஒட்டுவது

தேவையானது கொஞ்சம்தான்: நல்ல சைடு கட்டர், கூரிய கத்தி, மெல்லிய அரம் அல்லது உப்புத்தாள், பிளாஸ்டிக் சிமென்ட், சூப்பர் க்ளூ, 1 மி.மீ. துளை போடும் சின்னக் கைத் துளைப்பான். பாகங்கள் சேர்ந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் இருந்து ஒன்றை வெட்டும்போது ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் தள்ளி வெட்டி, மீதியைக் கத்தியால் சீவுங்கள். அப்போதுதான் பாகத்தில் வெள்ளைத் தழும்பு விழாது. அப்புறம் அச்சுக்கோடு. இரண்டு அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும், வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது, ட்ரைபிரஷ் (பெயிண்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷால் மேடுகளை மட்டும் தடவுவது) செய்த அடுத்த நொடி கன்னத்தில் வெள்ளைக் கோடாக எழுந்து நிற்கும். கத்தியின் முதுகால் சுரண்டினாலே போய்விடும். வழவழப்பான கவசம் நிறைந்த அறிவியல் புனைவு உருவங்களில் இந்தக் கோடு, ரோமமும் துணி மடிப்பும் நிறைந்த மாயாஜால உருவங்களைவிடப் பல மடங்கு துருத்தித் தெரியும், அதனால் இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

துப்பாக்கிக் குழலின் முனையைத் துளையிடுங்கள். ஒரு நிமிட வேலை, ஆனால் உருவத்தின் தோற்றமே மாறிவிடும். நடுவில் ஊசியால் ஒரு புள்ளி குத்திவிட்டுத் துளைத்தால் முனை வழுக்காது. நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாக்கள் எப்படியும் உடையும், அவற்றை வெட்டிவிட்டு பிரஷில் இருக்கும் நைலான் இழை ஒன்றைத் துளையில் செருகி ஒட்டினால் வளையுமே தவிர உடையாது.

ரெசின் உருவங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், அச்சில் இருந்து எளிதாகக் கழற்றத் தடவியது மேலே இருந்தால் பெயிண்ட் ஒட்டாது. வளைந்த குழலை வெந்நீரில் முக்கி நேராக்கி, அப்படியே குளிர்ந்த நீரில் வைத்தால் நின்றுவிடும். ரெசினை ராவும்போது முகமூடி போட்டு ஈரமாகவே ராவுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது. உலோக உருவத்தில் கனமான கை கால் இருந்தால் வெறும் பசை தாங்காது, இரண்டு பக்கமும் துளையிட்டு ஒரு சின்னப் பித்தளைக் கம்பியை உள்ளே வைத்து ஒட்டுங்கள்.

எல்லாவற்றையும் முழுதாக ஒட்டிவிட்டுப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. துப்பாக்கி மார்பை மறைத்தால் அந்தக் கையைத் தனியாக வைத்துத் தீட்டிவிட்டுக் கடைசியில் ஒட்டலாம். ஆனால் பிரஷ் எட்டாத இடம் கண்ணுக்கும் எட்டாது என்றால் அதற்காகப் பிரித்து வைப்பது வீண்.

ப்ரைமர்

ப்ரைமர் என்பது மேலே பெயிண்ட் ஒட்டுவதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு. ஸ்ப்ரே டப்பாவை இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். 20-ல் இருந்து 30 செ.மீ. தூரம், குட்டிக் குட்டி வீச்சு, உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். காற்றில் ஈரம் அதிகமான நாளிலும் கடும் வெயிலிலும் அடித்தால் பெயிண்ட் காற்றிலேயே பாதி காய்ந்து மணல் மாதிரி சொரசொரப்பாகப் படியும், அப்படி ஆனதைக் கழற்றி மறுபடி அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வானிலை ஒத்துழைக்காத இடத்தில் இருப்பவர்கள் பிரஷால் பூசும் ப்ரைமரை வாங்கிவிடுங்கள், நேரம் ஆகும், நிச்சயம் இருக்கும்.

நான் எப்போதும் பரிந்துரைப்பது ஜெனித்தல் முறை: முழுக்கக் கறுப்பு அல்லது அடர் சாம்பல், அது காய்ந்தபின் மேலிருந்து மட்டும் வெள்ளை. வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்பதை உருவமே உங்களுக்குக் காட்டிவிடும். கிரகத்தின் நாலாவது கேள்வி இங்கேதான் பயன்படுகிறது. செவ்வாய் மேஜைக்கு அடியில் கறுப்புக்குப் பதில் அடர் பழுப்பு அடித்தால் நிழல் எல்லாம் தானாகவே வெதுவெதுப்பாகிவிடும். நிலா என்றால் சுத்தக் கறுப்பு.

பெயிண்ட் அடிப்பது

பிரஷ் இரண்டு போதும்: கூர்முனை உள்ள 1 அல்லது 2-ம் எண் ஒன்று, ட்ரைபிரஷுக்கு உருண்டையான, மென்மையான பெரியது ஒன்று. நுணுக்கத்துக்கு மிகச் சின்ன எண் வேண்டும் என்று நினைப்பது தவறு. அதில் பெயிண்ட் நிற்கவே நிற்காது, முனையிலேயே காய்ந்துவிடும். கூர்மைதான் முக்கியம், அளவு இல்லை. பெயிண்ட் உலோக வளையம் வரை ஏறக் கூடாது. வெட் பேலட் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள், மூடியுள்ள டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச், மேலே எண்ணெய் ஒட்டாத பேக்கிங் தாள். பெயிண்ட் மணிக்கணக்கில் காயாமல் இருக்கும்.

முழுக் குழுவுக்கும் முன்னால் ஒரே ஒரு உருவத்தை முழுதாக, பேஸ் (உருவம் நிற்கும் அடித்தட்டு) வரைக்கும் முடித்துப் பாருங்கள். இது சோதனை வீரன். பயன்படுத்திய பெயிண்ட் பெயர், வரிசை, எத்தனை துளி தண்ணீர் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவனை மேஜையில் வைத்து மூன்றடி தள்ளி நின்று பார்த்து, பிடிக்கவில்லை என்றால் இப்போதே மாற்றுங்கள், பத்தாவது வீரனில் மனம் மாறினால் மற்ற ஒன்பது பேரையும் திரும்பத் தொட வேண்டி வரும்.

நம் உதாரணத்துக்கு வரிசை இப்படி: கவசத்துக்கு வெளிர் நீலப்பச்சை, தண்ணீர் கலந்து மெல்லியதாக இரண்டு பூச்சு. ஒரே தடித்த பூச்சு உருவத்தின் நுணுக்கங்களை மூழ்கடித்துவிடும். மூட்டு, ரப்பர், குழாய்களுக்கு அடர் சாம்பல். துப்பாக்கிக்குக் கறுப்பு, அதன் உலோகப் பகுதிகளுக்கு மட்டும் உலோகப் பெயிண்ட், அதற்குத் தனித் தண்ணீர்க் கிண்ணம், இல்லையென்றால் மினுக்குத் துகள் எல்லா நிறத்திலும் ஏறிவிடும். அப்புறம் பழுப்பு வாஷ், அதாவது பள்ளங்களில் ஓடித் தங்கும் நீர்த்த பெயிண்ட். இதை முழு உருவத்திலும் கொட்டாமல் தகடுகள் சேரும் இடுக்குகளில் மட்டும் ஓட விடுங்கள். வழவழப்பான பெரிய தகட்டின் நடுவே வாஷ் தேங்கிக் காய்ந்தால் தேநீர்க் கறை போல வட்டம் விழும், தேங்கினால் உடனே ஈரப் பிரஷால் உறிஞ்சிவிடுங்கள். கடைசியில் முதன்மை நிறத்தோடு வெள்ளை கலந்து விளிம்புகளில் மட்டும் எட்ஜ் ஹைலைட். பிரஷின் முனையால் கோடு போட முயல வேண்டாம், பக்கவாட்டை விளிம்பின்மேல் வைத்து இழுத்தால் கோடு தானாக நேராக வரும்.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு 2019-ல் சிட்டடெல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வகைப் பெயிண்டுகள் இருக்கின்றன, மற்ற நிறுவனங்களும் அதே வகையில் நிறையக் கொண்டுவந்துவிட்டன. ஜெனித்தல் ப்ரைமரின்மேல் ஒரே பூச்சில் மேடு வெளிச்சமாகவும் பள்ளம் அடர்த்தியாகவும் வரும். வேற்றுக்கிரக உயிரினங்களின் தோல், செதில், தசைக்கு இது அருமை. தட்டையான கவசத்திலும் வண்டிகளிலும் திட்டுத்திட்டாக நிற்கும், அங்கே பழைய முறையே நல்லது.

கண்ணாடி, ஒளி, சூடு

அறிவியல் புனைவு உருவத்துக்கு உயிர் கொடுக்கும் மூன்று இடங்கள் இவை, இங்கே செலவிடும் நேரம் வீண் போகாது. தலைக்கவசத்தின் கண்ணாடியில் வெளிச்சம் ஓடும் விதம் மற்ற பரப்புகளுக்கு எதிரானது. மேலே வெளிச்சம் விழும் பக்கம் அடர் நிறம், எதிர்ப்பக்கம் கீழ் மூலையில் வெளிர் நிறம், அடர்ந்த மேல் பகுதியில் ஒரு வெள்ளைப் புள்ளி. கடைசியில், உருவம் முழுக்கப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்தபின், ஒரு துளி பளபளப்பு வார்னிஷ். அடர் சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு, ஒரு புள்ளி வெள்ளை. நாலே நிறம், சின்ன லென்ஸ்கூட ரத்தினமாகிவிடும்.

பிளாஸ்மா துப்பாக்கியின் சுருள், இயந்திர உலையின் உள்பக்கம் போல தானாக ஒளிரும் பொருள்களில் விதி இன்னும் புரண்டுவிடும். பள்ளம்தான் மிகப் பிரகாசம், மேடு அடர்த்தி. முதலில் வெள்ளை அடித்து, மெல்லிய நிற மையை ஓட விட்டு, மேட்டில் மட்டும் அடர் நிறத்தைத் தொட்டு வையுங்கள். அந்த ஒளி பக்கத்தில் உள்ள கையிலும் கவசத்திலும் படிவதாகக் காட்ட, அதே நிறத்தைத் தண்ணீராக்கி, ஒளியை நேராகப் பார்க்கும் பரப்புகளில் மட்டும் பூசுங்கள். ஒளிமூலத்தைவிட அதன் பிரதிபலிப்பு பிரகாசமாகிவிட்டால் மாயம் கலைந்துவிடும். ஒரு குழுவில் ஒன்றிரண்டு பேருக்கு இது போதும்.

சுட்டுச் சுட்டுச் சூடேறிய குழலுக்கு உலோக நிறத்தின்மேல் பழுப்பு, ஊதா, நீலம் என்ற வரிசையில் மெல்லிய வாஷ், நீலம் முனைப்பக்கம். உலோகத்தைச் சூடாக்கும்போது மேலே உருவாகும் ஆக்சைடு படலத்தின் தடிமனுக்கு ஏற்ப இந்த நிறங்கள் இதே வரிசையில் வரும்.

எண்களும் சின்னங்களும் தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால்களாக வரும். ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசிவிடுங்கள், இல்லையென்றால் அடியில் காற்று நின்று வெள்ளிபோல மினுங்கும். வளைந்த தோள்பட்டையில் படிய, டெக்காலை மென்மையாக்கும் திரவம் கிடைக்கிறது.

தேய்மானமும் தூசும்

கிரகம் வீரன்மேல் ஏறுவது இங்கேதான். ஸ்பாஞ்ச் துண்டைக் கிள்ளி அடர் பழுப்பில் தொட்டு, தாளில் ஒற்றிப் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, விளிம்புகளில் மெல்ல ஒற்றினால் பெயிண்ட் உரிந்த தடம் வரும். உரசல் எங்கே நடக்கும் என்று யோசித்து வையுங்கள்: முழங்கால், முழங்கை, வண்டியின் கதவு ஓரம், கைப்பிடி. முதுகின் நடுவில் கீறல் விழ அதிகக் காரணம் இல்லை.

அப்புறம் தூசு. தரைக்குப் பயன்படுத்தும் அதே நிறத்தை, நிச்சயமாக அதே டப்பாவில் இருந்து, பாதத்தில் தொடங்கி முழங்கால் வரை ட்ரைபிரஷ் செய்யுங்கள், மேலே போகப் போக மங்கட்டும். தோளிலும் தலையிலும் மிக லேசாக. இந்த ஒரு படி செய்த உடனே வீரன் பேஸின்மேல் ஒட்டப்பட்டவனாக இல்லாமல் அந்த நிலத்தில் நடந்து வந்தவனாக ஆகிவிடுகிறான். பிக்மென்ட் பொடி (உலர்ந்த நிறத்தூள்) இருந்தால் இன்னும் நன்று, தூவும்போது முகமூடி போடுங்கள்.

பேஸ் செய்வது எளிது: வெள்ளைப் பசை, மணல், ஒன்றிரண்டு உடைந்த தக்கைத் துண்டு பாறையாக, ஒரு மின்கம்பித் துணுக்கு குழாயாக. மணல் முழுக்க ஒரே அளவில் இருந்தால் பொய்யாகத் தெரியும், இரண்டு மூன்று பருமன் கலந்துகொள்ளுங்கள். அடர் செம்பழுப்பு, வாஷ், ஆரஞ்சுப் பழுப்பு ட்ரைபிரஷ், கடைசியில் வெளிர் மணல் நிறம் லேசாக. பேஸ் ஓரத்துக்கு ஒரே நிறம், குழு முழுக்க.

டெரெய்ன்

அறிவியல் புனைவு விளையாட்டுகளில் கிட்டத்தட்ட எல்லோர் கையிலும் தூரம் சுடும் ஆயுதம் உண்டு. மறைவு இல்லாத மேஜையில் முதலில் சுடுகிறவர் ஜெயித்துவிடுவார், ஆட்டம் அங்கேயே செத்துவிடும். அதனால் டெரெய்னை அலங்காரமாக எண்ணாதீர்கள், விதிப்புத்தகத்தின் பாதி வேலையைச் செய்வது அதுதான். மேஜையின் ஒரு மூலையில் கண்ணை வைத்துப் பாருங்கள், எதிர் மூலை தெரிந்தால் நடுவில் இன்னும் ஏதாவது வேண்டும். பார்வையை முழுதாக மறைக்கும் பெரிய கட்டடங்கள் சில, இடுப்பளவு தடுப்புகள் நிறைய, ஏறி நிற்க இரண்டு மூன்று உயரமான இடங்கள் என்று கலந்து வையுங்கள்.

பொருளாக நான் நம்புவது எக்ஸ்.பி.எஸ். ஃபோம், கட்டட வெப்பத்தடுப்புக்குப் போடும் கெட்டியான பலகை. கூரிய கத்தியில் சுத்தமாக வெட்டும், பேனாவால் அழுத்தினால் கோடு நிற்கும். வெள்ளை மணிமணியான தெர்மாகோல் உதிர்ந்துகொண்டே இருக்கும், மலை குன்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஃபோமை அலுமினியத் தாள் உருண்டையால் உருட்டி அழுத்தினால் கான்கிரீட் சொரசொரப்பு வந்துவிடும். முக்கியமான எச்சரிக்கை: ஸ்ப்ரே பெயிண்டும் சூப்பர் க்ளூவும் ஃபோமை அரித்துவிடும். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை, பெயிண்டுக்கு முன் வெள்ளைப் பசையும் கறுப்பு அக்ரிலிக்கும் கலந்து இரண்டு பூச்சு. இந்தக் கலவையே ப்ரைமராகவும் கவசமாகவும் ஆகிவிடும். சூடான கம்பியால் ஃபோம் வெட்டுகிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்து வெட்டுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

அளவுகளை முதலிலேயே கணக்கிடுங்கள். ஒரு மாடிக்கு 75 மி.மீ. உயரம், கதவு 40 மி.மீ. உயரமும் 35 மி.மீ. அகலமும். 32 மி.மீ. பேஸ் நுழைய வேண்டும் என்பதால்தான் அவ்வளவு அகலம், நிஜ விகிதத்தில் பார்த்தால் கொஞ்சம் பெரிதுதான், ஆனால் விளையாட முடியாத அழகால் பயன் இல்லை. மாடித்தளம் இரண்டு பேஸ் நிற்கும் அகலமாவது இருக்கட்டும். கூரை கழன்று வர வேண்டும், உள்ளே கை போக வேண்டும். கட்டிய ஒவ்வொன்றிலும் ஒரு வீரனை நிறுத்திப் பார்த்துவிட்டுப் பசை போடுங்கள்.

நுணுக்கங்களுக்குக் குப்பையே பொக்கிஷம். மாத்திரை அட்டையின் குமிழ்கள் விளக்காகும், பாட்டில் மூடி காற்றுப்போக்கியாகும், நெளி அட்டையின் மேல்தாளை உரித்தால் தகரக் கூரை, உறிஞ்சு குழல் பைப்பாகும், மினியேச்சர் வந்த பிளாஸ்டிக் சட்டத்தை வெட்டி அடுக்கினால் உத்தரமும் ஏணியும். ஆனால் ஒவ்வொரு கட்டடமும் ஏதோ வேலைக்காக இருக்க வேண்டும். இது ஆக்ஸிஜன் தயாரிக்கும் கூடம், இது நீர்த்தொட்டி, இது இறங்குதளம் என்று முடிவு செய்துவிட்டால் எந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போகும் என்பது தானாக வரும். காரணம் இல்லாமல் ஒட்டிய மூடி கடைசி வரை மூடியாகத்தான் தெரியும்.

பெயிண்டுக்கு மினியேச்சர் பெயிண்ட் வேண்டாம், பெரிய பாட்டில் அக்ரிலிக் போதும். கட்டடம் வீரர்களைவிட மங்கலாக இருக்கட்டும், பின்னணி கத்தினால் படை காணாமல் போகும். அடர் சாம்பல், பெரிய பிரஷால் நடுச் சாம்பல், விளிம்பில் வெளிர் சாம்பல் என்று மூன்று ட்ரைபிரஷ். திருப்பு நிறத்தை ஒரு கதவிலோ மஞ்சள் கறுப்பு எச்சரிக்கைப் பட்டையிலோ மட்டும் வையுங்கள், மாஸ்க்கிங் டேப் ஒட்டி அடித்தால் பட்டை நேராக வரும். கடைசியில் வீரர்களின் முழங்காலில் ஏறிய அதே செம்பழுப்புத் தூசு, எல்லாச் சுவரின் அடியிலும், கூரையின் மேலும்.

வார்னிஷும் பராமரிப்பும்

விளையாடும் உருவத்துக்கு வார்னிஷ் கட்டாயம், விரல் எண்ணெய் பெயிண்டைத் தின்றுவிடும். மேட் வார்னிஷ் மெல்லிய இரண்டு பூச்சு. ஸ்ப்ரே என்றால் ஈரப்பதம் அதிகமான நாளில் அடித்தால் உருவத்தின்மேல் வெள்ளைப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும், முதலில் வேண்டாத உருவம் ஒன்றில் சோதியுங்கள். கண்ணாடிகளின் பளபளப்பை மேட் வார்னிஷுக்குப் பிறகு பூசுங்கள், முன்னால் பூசினால் மங்கிவிடும்.

எடுத்துச் செல்ல, பேஸின் அடியில் சின்ன நியோடிமியம் காந்தம், பெட்டியின் தரையில் மெல்லிய இரும்புத் தகடு. பஞ்சுப் பெட்டியைவிட இது நல்லது, எதுவும் உருவத்தின்மேல் உரசாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் உதிரிக் காந்தங்களைக் கண்டிப்பாகப் பூட்டி வையுங்கள், ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பெரிய ஆபத்தாகும். விளிம்பில் பெயிண்ட் போனால் சோதனை வீரனுக்கு எழுதிய குறிப்பை எடுத்து, அதே நிறத்தை ஒரு புள்ளி தொட்டு, அதன்மேல் மேட் வார்னிஷ் ஒரு தொடுதல். புதிதாகக் குழு சேர்க்கும்போதும் அந்தத் தாளையே முதலில் எடுங்கள், தரை நிறப் பெயிண்ட் தீரும் முன்பே அதே பெயரில் இன்னொரு பாட்டில் வாங்கி வைத்துவிடுங்கள்.